நெறிகளின் கணக்கு

"கட்டியை முழுசா எடுத்தாச்சு" என்கிறார் மருத்துவர். பல மணி நேரமாக அறுவை அரங்கின் வாசலில் உட்கார்ந்திருந்த குடும்பத்துக்கு அப்போதுதான் உயிர் வருகிறது. ஆனால் அடுத்து அவர் சொல்வது குழப்புகிறது: "பயாப்சி ரிப்போர்ட் வரட்டும். எத்தனை நெறியில இருக்குன்னு பார்த்துட்டு கீமோ பத்திப் பேசலாம்."

முழுசாக எடுத்துவிட்டார்கள் என்றால், இன்னும் எதைத் தேடுகிறார்கள்? கட்டியே இல்லாத உடம்புக்குக் கீமோ எதற்கு? சில நாள் கழித்துக் கைக்கு வரும் ரிப்போர்ட்டில் "2/18" என்று ஒரு பின்னம் இருக்கிறதே, அது என்ன கணக்கு?

இராஜபாளையம், சத்திரப்பட்டி வட்டாரத்து விசைத்தறிகளிலிருந்து காஸ் துணியும் பேண்டேஜ் துணியும் பல ஊர் மருத்துவமனைகளுக்குப் போகின்றன. கணையப் பகுதியில் புற்றுநோய் என்றால் இந்த வட்டாரத்து மக்களே மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ போகிறார்கள். திரும்பி வரும்போது அவர்களின் கோப்பில் இந்தப் பின்னமும் இருக்கிறது. அதில் மேலே உள்ள எண்ணைப் பார்த்து அஞ்சுகிறோம், அல்லது ஆறுதல் கொள்கிறோம். கீழே உள்ள எண்ணைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. கீழ் எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் மேல் எண்ணை நம்பக்கூடாது என்பதைப் படிப்படியாகக் காட்டுவதே இந்த அத்தியாயத்தின் வேலை.

ஒரே இடத்தில் நான்கு புற்றுநோய்கள்

இரைப்பைக்குப் பின்னால் குறுக்காகப் படுத்திருக்கும் உறுப்பு கணையம். அதன் தலைப்பகுதி, இரைப்பையை அடுத்து வரும் முன்சிறுகுடலின் வளைவுக்குள் பொருந்தி உட்கார்ந்திருக்கிறது. கல்லீரலிலிருந்து வரும் பித்தநாளம் அந்தத் தலைக்குள் புகுந்து இறங்கி, கணையநாளத்துடன் சேர்ந்து, முன்சிறுகுடலில் ஒரு சிறு வாய் வழியாகத் திறக்கிறது. அந்த வாயை 1720-இல் விவரித்தவர் ஆபிரகாம் வாட்டர் என்ற ஜெர்மானிய உடற்கூற்றியலாளர். அவர் பெயரால் அதை வாட்டர் முகப்பு என்று அழைப்போம்.

கணையத் தலை, பித்தநாளத்தின் அடிப்பகுதி, வாட்டர் முகப்பு, முன்சிறுகுடல் ஆகிய நான்கும் சில சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. இவற்றில் எதில் புற்று வந்தாலும் பித்தம் அடைபட்டு மஞ்சள் காமாலையாக வெளியே தெரியலாம். மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லியைத் தேடிப் போவது நம் ஊர்ப் பழக்கம். ஆனால் நடுவயதைக் கடந்த ஒருவருக்கு வலியே இல்லாமல் காமாலை வந்து நாளுக்கு நாள் ஏறினால், உடம்பு அரித்தால், மலம் வெளுத்துப் போனால், அது குழாய் அடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். உடனே ஸ்கேன் பார்க்க வேண்டும். வாட்டர் முகப்பில் வரும் புற்று, சிறிதாக இருக்கும்போதே பித்தத்தை அடைத்துக் காமாலையைக் காட்டிவிடும். அதனால்தான் அதில் பிழைப்பவர்கள் கணையத் தலைப் புற்றில் பிழைப்பவர்களைவிட அதிகம். அந்த முன்னறிவிப்பை மருந்துக்குப் பத்தியம் இருந்தே கழித்துவிடுவது பெரிய இழப்பு.

நான்குக்கும் அறுவை ஒன்றுதான். கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தநாளத்தின் கீழ்ப்பகுதி, பித்தப்பை எல்லாவற்றையும் ஒரே தொகுதியாக எடுத்துவிட்டு, மிச்சக் கணையத்தையும் பித்தநாளத்தையும் இரைப்பையையும் சிறுகுடலோடு மறுபடி இணைக்கிறார்கள். பெர்லினில் வால்தர் கௌஷ் இத்தகைய அறுவையை 1912-இல் வெளியிட்டார். 1935-இல் நியூயார்க்கின் ஆலன் விப்பிள் அதைப் பரவலாக்கினார். இன்றும் அதன் பெயர் விப்பிள் அறுவை.

நெறி கட்டுவது ஏன்?

காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். தொண்டையில் புண் வந்தால் தாடைக்குக் கீழே கட்டும். புண் ஒரு இடத்திலும் வீக்கம் இன்னொரு இடத்திலும் வருவதற்குக் காரணம், இரண்டையும் இணைக்கும் ஒரு நீர்ப்பாதை.

நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீரில் பெரும்பகுதி இரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. மிச்சம் தனிக் குழாய்களில் ஓடுகிறது. அதற்கு நிணநீர் என்று பெயர். வழியில் அது வடிகட்டப்படும் இடங்களே நிணநீர்க் கணுக்கள். நாம் நெறி என்று சொல்வது வீங்கிய கணுவைத்தான். மருத்துவர்களும் நோயாளியிடம் பேசும்போது அந்தச் சொல்லையே பயன்படுத்துவதால், இந்த அத்தியாயத்திலும் நெறி என்றே எழுதுகிறேன். ஒரு மனித உடலில் இவை சில நூறு உண்டு. பல வீங்காமலே, சில மில்லிமீட்டர் அளவில், கொழுப்புக்குள் புதைந்து கிடக்கின்றன.

வயிற்றில் உள்ள நெறிகளும் கணையமும் ஒன்றையொன்று எவ்வளவு ஒட்டியிருக்கின்றன என்பதற்கு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1622-இல் இத்தாலியின் காஸ்பாரே அசெல்லி, அப்போதுதான் உணவு உண்டிருந்த ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது குடல் சவ்வெங்கும் வெண்ணிற இழைகளைக் கண்டார். அவை நிணநீர்க் குழாய்கள். அவை சென்று சேர்ந்த நெறிக் கூட்டத்தை அவர் கணையம் என்று நினைத்துவிட்டார். அந்தக் கூட்டத்துக்கு 'அசெல்லியின் கணையம்' என்ற பெயர் நெடுங்காலம் நிலைத்தது.

கண்மாய்க்குப் பின் கண்மாய்

இராஜபாளையத்துக்கு மேற்கே மலையில் பெய்யும் மழை ஓடைகளில் இறங்கி ஒரு கண்மாயை நிரப்புகிறது. அது நிரம்பி மறுகால் பாய்ந்தால் அடுத்த கண்மாய்க்கு நீர் வருகிறது. அதுவும் பெருகினால் அதற்கடுத்தது. நீரோடு வந்த வண்டல் முதலில் தங்குவது மேல் கண்மாயில்.

நெறிகளின் அமைப்பும் இதுதான். கட்டியிலிருந்து கழன்ற புற்றணுக்கள் நிணநீரோடு போய், கணையத் தலையின் முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் நெறிகளில் பெரும்பாலும் முதலில் தங்குகின்றன. அங்கிருந்து கல்லீரல் தமனியை ஒட்டியவை, பித்தநாளத்தை ஒட்டியவை, குடலுக்குப் போகும் பெருந்தமனியின் வலப்பக்கத்தில் உள்ளவை என்று நகர்கின்றன. கடைசியில் முதுகெலும்பின் முன் ஓடும் மகாதமனியின் ஓரத்து நெறிகள். ஜப்பானிய மருத்துவர்கள் இவை ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்திருக்கிறார்கள். தலைக்குப் பின்னால் உள்ளவை 13, முன்னால் உள்ளவை 17, கல்லீரல் தமனி ஓரம் 8, பித்தநாள ஓரம் 12, குடல் தமனி ஓரம் 14, மகாதமனி ஓரம் 16. கணையப் புற்று 16-ஆம் எண் நெறிக்குப் போயிருந்தால், அதைத் தொலைதூரப் பரவலாகவே கணக்கில் எடுக்கிறார்கள்.

முதல் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. நெறியில் புற்றணு இருக்கிறது என்றால், அணுக்கள் கட்டியை விட்டு வெளியேறிப் பயணம் செய்து, இன்னொரு இடத்தில் பிழைத்து வளரத் தெரிந்துகொண்டுவிட்டன என்று பொருள். அந்த நெறியை எடுத்தாயிற்று. ஆனால் அத்தகைய அணுக்கள் அங்கு மட்டும்தான் போயின என்று யாரால் சொல்ல முடியும்? அவை இரத்தத்தின் வழியாக நேரே கல்லீரலுக்கும் போகக்கூடும். ஸ்கேனில் தெரியாத அளவில் எங்கோ தங்கியிருக்கக்கூடிய அணுக்களைத் தேடித்தான் கீமோ போகிறது. நெறி சுத்தமாக இருந்தாலும் கணையத் தலைப் புற்றுக்குக் கீமோ பரிந்துரைக்கப்படுவதும் இதனால்தான்.

நிறைய எடுத்தால் நிறைய குணமாகுமா?

நெறியில் நோய் தங்குகிறது என்றால், கண்ணுக்குத் தெரிந்த எல்லா நெறியையும் எடுத்துவிடலாமே என்று தோன்றும். அறுவை மருத்துவர்களுக்கும் அப்படித் தோன்றியது. மகாதமனி ஓரம் வரை சுரண்டி எடுக்கும் விரிவான அறுவையைச் செய்து பார்த்தார்கள். பிறகு நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வழக்கமான அறுவையும் மறுபாதிக்கு விரிவான அறுவையும் செய்து ஒப்பிட்டார்கள். இத்தாலியில் 1998-இலும், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஏறக்குறைய 300 பேரை வைத்து 2002-இலும், ஜப்பானில் 2012-இலும் முடிவுகள் வெளியாயின. விரிவான அறுவை ஆயுளைக் கூட்டவில்லை. குடல் தமனியைச் சுற்றியுள்ள நரம்புகள் அறுபடும்போது தீராத வயிற்றுப்போக்கு போன்ற தொல்லைகள் வந்ததுதான் மிச்சம்.

2014-இல் கணைய அறுவைக்கான சர்வதேச ஆய்வுக் குழு, எந்தெந்த எண் நெறிகளை எடுத்தால் போதும் என்று வரையறுத்தது. 16 அந்தப் பட்டியலில் இல்லை. நோய் எங்கே வரை போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு எடுப்பதே இப்போது குறிக்கோள். அந்த அளவை எட்டியிருக்கிறோமா என்பதைச் சொல்வதுதான் பின்னத்தின் கீழ் எண், அதாவது பார்க்கப்பட்ட மொத்த நெறிகளின் எண்ணிக்கை. அவற்றில் நோயுள்ளவை எத்தனை என்பது மேல் எண்.

கொழுப்புக்குள் தேடுபவர்

அறுத்தெடுத்த தொகுதி ஃபார்மலினில் ஊறி பத்தாலஜிஸ்ட் எனப்படும் திசு ஆய்வு மருத்துவரின் மேசைக்குப் போகிறது. திசு இறுகிய பிறகு அதைத் துண்டு துண்டாக வெட்டுகிறார். சுற்றியுள்ள கொழுப்பை விரல்களால் அழுத்தி அழுத்திப் பார்த்து, கெட்டியாகத் தட்டுப்படும் ஒவ்வொரு நெறியையும் பிரித்தெடுக்கிறார். நெறிகள் மெழுகில் பதிக்கப்பட்டு, ஒரு மில்லிமீட்டரில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமனில் சீவப்பட்டு, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றப்பட்டு நுண்ணோக்கியின் கீழ் வருகின்றன.

ஆக, கீழ் எண் மூன்று பேரைச் சார்ந்தது. நோயாளியின் உடலில் இயற்கையாக எத்தனை நெறிகள் இருந்தன, அறுவை மருத்துவர் எவ்வளவு திசுவை எடுத்தார், பத்தாலஜிஸ்ட் எவ்வளவு பொறுமையாகத் தேடினார் என்ற மூன்றும் சேர்ந்தே அது உருவாகிறது. மூன்றாமவரை நோயாளியின் குடும்பம் பார்ப்பதே இல்லை. ஆனால் சிகிச்சையின் திசையைத் தீர்மானிக்கும் எண் அவருடைய விரல் நுனியில் பிறக்கிறது.

ஆறா, பன்னிரண்டா, பதினைந்தா?

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எடுத்த திசுவில் மொத்தம் 20 நெறிகள் இருப்பதாகவும், அவற்றில் 2-இல் மட்டும் புற்று இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். எந்த இரண்டு என்று யாருக்கும் தெரியாது.

ஓர் ஆய்வகத்தில் 6 நெறிகள் மட்டுமே கிடைத்தன. 14 கொழுப்புக்குள்ளேயே தங்கிவிட்டன. நோயுள்ள இரண்டும் அந்த 14-க்குள் இருந்துவிட்டால், ரிப்போர்ட்டில் "0/6" என்று வரும். நோய் இருந்தும் இல்லை என்றாகிவிடும். இப்படி நடக்க எவ்வளவு வாய்ப்பு?

நோயுள்ள முதல் நெறி பார்க்கப்படாத கூட்டத்தில் இருக்க 20-க்கு 14 வாய்ப்பு. அது அங்கே இருக்கிறது என்று கொண்டால், மிச்சமுள்ள 19 நெறிகளில் 13 பார்க்கப்படாதவை. ஆகவே இரண்டாவதும் அங்கே இருக்க 19-க்கு 13 வாய்ப்பு. இரண்டையும் பெருக்கினால் 100-க்கு 48 வருகிறது. ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தவறான பூஜ்யம்.

இன்னோர் ஆய்வகம் 12 நெறிகளைத் தேடி எடுக்கிறது. விடுபட்டவை 8. அதே முறையில் 20-க்கு 8, பிறகு 19-க்கு 7. பெருக்கினால் 100-க்கு 15. மூன்றாவது ஆய்வகம் 15 நெறிகளை எடுக்கிறது. விடுபட்டவை 5. 20-க்கு 5, 19-க்கு 4. பெருக்கினால் 100-க்கு 5.

நோயாளியும் நோயும் மாறவில்லை. தேடல் மட்டும் மாறியது. தவறான பூஜ்யம் 48-லிருந்து 15-க்கும், 15-லிருந்து 5-க்கும் இறங்கிவிட்டது. குருட்டாம்போக்கில் நெறிகள் அகப்படுவதாக வைத்துப் போட்ட எளிய கணக்கு இது. நிஜத்தில் பெரிய நெறிகள் சுலபமாகக் கைக்குத் தட்டுப்படும். சிறியவை தப்பும், அவற்றிலும் நோய் இருக்கலாம். எண்கள் கொஞ்சம் மாறினாலும் கணக்கு காட்டும் திசை மாறாது. கணையத் தலை அறுவையில் குறைந்தது 12 நெறிகளாவது பார்க்கப்பட வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக்குழு சொல்வதும், 15 நெறிகளாவது வேண்டும் என்று கணைய அறுவை வல்லுநர்கள் கேட்பதும் இதனால்தான்.

இதே கணக்கு இன்னொரு பொறியையும் வெளிக்காட்டுகிறது. இரண்டு மருத்துவமனைகளில், மற்ற நோயாளிகளோடு இத்தகைய 100, 100 பேருக்கும் ஒரே திறமையோடு அறுவை நடக்கிறது. முதலாவது 6 நெறிகளையும் இரண்டாவது 15 நெறிகளையும் பார்க்கின்றன. முதலாவதில் நோயுள்ள 48 பேர் "பூஜ்யம்" என்ற குழுவில் கலந்துவிடுவார்கள். அந்தக் குழுவின் ஆயுள் சராசரி இறங்கும். இரண்டாவதில் அவர்களில் பெரும்பாலோர் "நெறியில் நோய் உண்டு" என்ற குழுவுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே இருக்கும் மற்றவர்களைவிட இவர்களுக்கு நோய் குறைவு என்பதால், அந்தக் குழுவின் சராசரியும் ஏறும். இரண்டு குழுக்களும் முதல் மருத்துவமனையின் குழுக்களைவிட நன்றாகத் தெரியும். ஆனால் ஒருவர் ஆயுளும் ஒரு நாள்கூடக் கூடவில்லை. 1985-இல் அமெரிக்க மருத்துவர் ஆல்வன் ஃபைன்ஸ்டீன் நுரையீரல் புற்றுநோயில் இதை எடுத்துக்காட்டினார். நிலை இடமாற்றம் என்று இதைச் சொல்லலாம். "இந்த ஆஸ்பத்திரியில் இரண்டாம் நிலைக்காரர்கள் அதிகம் பிழைக்கிறார்கள்" என்று கேள்விப்பட்டால், அங்கே எத்தனை நெறி பார்க்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பூஜ்யம், மூன்று வரை, நான்குக்கு மேல்

புற்றுநோயை நிலைகளாகப் பிரிக்கும் இன்றைய முறைக்கு அடித்தளம் இட்டவர் பிரான்சின் பியர் தெனுவா. கட்டியின் அளவு, நெறிகளின் நிலை, தொலைதூரப் பரவல் என்ற மூன்றையும் தனித்தனியே குறிக்கும் வழக்கத்தை 1940-களில் அவர் தொடங்கினார். கணையத்தைப் பொறுத்தவரை நெறி விஷயத்தில் நெடுங்காலம் "உண்டு, இல்லை" என்ற இரண்டே விடைகள்தான். 2018-இல் நடைமுறைக்கு வந்த எட்டாம் பதிப்பு அதை மூன்றாக்கியது: நோயுள்ள நெறி எதுவுமில்லை, 1 முதல் 3 வரை, 4-உம் அதற்கு மேலும். வாட்டர் முகப்புக்கும் பித்தநாளத்தின் கீழ்ப்பகுதிக்கும் இதே பிரிவுகள். முன்சிறுகுடலுக்கு மட்டும் எல்லை வேறு: 1 அல்லது 2, பிறகு 3-உம் அதற்கு மேலும்.

இந்தப் பிரிவுகள் ஆயுளோடு பொருந்துகின்றனவா என்று, கணையப் புற்றுக்கு அறுவை செய்துகொண்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை அமெரிக்க மையங்கள் சரிபார்த்தன. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள், நெறியில் நோய் இல்லாதவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர், 1 முதல் 3 வரை இருந்தவர்களில் ஐந்தில் ஒருவர், 4-உம் அதற்கு மேலும் இருந்தவர்களில் பத்தில் ஒருவர்.

இந்த எண்கள் கனமானவை. ஆனால் இவை பல ஆண்டுகளுக்கு முன் சிகிச்சை பெற்ற ஒரு கூட்டத்தின் கணக்கு. நாளை சிகிச்சை தொடங்கும் ஒருவரின் விதி இதில் எழுதப்பட்டிருக்கவில்லை. சிகிச்சை இந்த எண்களை மாற்றியே வருகிறது. ஜெர்மனியில் தொடங்கிய ஓர் ஆய்வில், அறுவை மட்டும் செய்துகொண்டவர்களில் ஐந்து ஆண்டு கடந்தவர்கள் 100-க்கு 10 பேர். அறுவைக்குப் பின் ஜெம்சிடபின் மருந்தும் பெற்றவர்களில் 20 பேர். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை பிரான்சும் கனடாவும் சோதித்து 2018-இல் வெளியிட்டன. அந்தச் சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேர் 54 மாதங்களைக் கடந்தார்கள். ஜெம்சிடபின் மட்டும் பெற்றவர்களில் அது 35 மாதங்கள்.

வாட்டர் முகப்பிலும் முன்சிறுகுடலிலும் வரும் புற்றுகளில், கீமோ வேண்டுமா வேண்டாமா என்ற முடிவே பெரும்பாலும் நெறியைப் பொறுத்து அமைகிறது. ஒரு தவறான பூஜ்யம் அதிகம் சேதம் செய்யக்கூடிய இடம் அதுதான்.

கோயம்புத்தூர் ஆய்வு கற்பித்தது

வயிற்றைப் பெரிதாகத் திறக்காமல், சிறு துளைகள் வழியாகவே விப்பிள் அறுவையைச் செய்ய முடியும் என்று உலக அளவில் முன்னதாகக் காட்டியவர்களில் கோயம்புத்தூர் ஜெம் மருத்துவமனையின் டாக்டர் சி. பழனிவேலுவும் ஒருவர். முடியும் என்று காட்டினால் போதாது, பழைய முறைக்கு எதிரே நிறுத்தி நியாயமாக ஒப்பிட வேண்டும் என்று அவருடைய குழு கருதியது. கணையத் தலைப் பகுதிப் புற்றுநோய் கொண்ட 64 பேரைக் குலுக்கல் முறையில் 32, 32 என்று பிரித்து இரண்டு முறைகளிலும் அறுவை செய்தார்கள். 2017-இல் வெளியான முடிவின்படி, மருத்துவமனையில் தங்கும் காலம் திறந்த அறுவையில் நடுமதிப்பாக 13 நாள், துளை அறுவையில் 7 நாள்.

அந்த ஆய்வு நாட்களோடு நிற்கவில்லை. இரண்டு முறைகளிலும் எடுக்கப்பட்ட நெறிகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டது. சிறு துளை வழியாகச் செய்தால் நெறிகள் குறைவாக எடுக்கப்படுமோ என்ற ஐயம் நியாயமானது. இரண்டிலும் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. புதிய முறை பழைய முறைக்குச் சளைத்ததல்ல என்று சொல்வதற்கு இந்தக் கீழ் எண் ஒரு சாட்சியாயிற்று. புற்றுநோய் அறுவையின் தரத்தை அளக்க உலகமே பயன்படுத்தும் அளவுகோல் இது. அதைத் தெரிந்துகொள்ள நோயாளிக்கும் உரிமை உண்டு.

ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு

"0/6" என்பதும் "0/18" என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது பூஜ்யத்தின் மீது அதிக நம்பிக்கை வைக்கலாம். "2/6", "2/18" இரண்டும் ஒரே பிரிவில்தான் வரும். ஆனால் முதலாவதில் பார்த்தவற்றில் மூன்றில் ஒரு பங்கிலும், இரண்டாவதில் ஒன்பதில் ஒரு பங்கிலும் நோய். இந்த விகிதம் உயர உயர நோய் திரும்பும் வாய்ப்பும் உயர்கிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

ஆகவே மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம்: "டாக்டர், மொத்தம் எத்தனை நெறி பார்த்தாங்க? எத்தனையில இருந்துச்சு?" கீழ் எண் 12-க்குக் குறைவாக இருந்தால், "மிச்சத் திசுவில் இன்னும் தேடிப் பார்க்க முடியுமா?" என்றும் கேட்கலாம். ஆய்வகங்கள் எஞ்சிய திசுவைக் குறிப்பிட்ட காலம் ஃபார்மலினில் வைத்திருக்கும். அந்தக் காலத்துக்குள் மறுபடி தேடும் வழக்கம் உண்டு. எண்ணிக்கை குறைந்தது என்பதற்காக யாரையும் குற்றம் சொல்லத் தேவையில்லை. அறுவைக்கு முன்பே கீமோ எடுத்தவர்களின் நெறிகள் சுருங்கியிருக்கலாம். சிலருக்கு இயல்பாகவே நெறிகள் குறைவாக இருக்கலாம். காரணம் எதுவானாலும், அடுத்த சிகிச்சையை முடிவு செய்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

மதுரையில் அறுவை, வேறு ஊரில் கீமோ, ஸ்ரீவில்லிபுத்தூரில் இரத்தப் பரிசோதனை என்று சிகிச்சை பல இடங்களில் சிதறுவது நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு வழக்கம். டிஸ்சார்ஜ் சீட்டில் "நெறியில் நோய் இல்லை" என்ற ஒரு வரி மட்டும் இருந்தால், அடுத்த மருத்துவருக்குப் பாதிச் செய்திதான் போய்ச் சேரும். முழு பயாப்சி ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு எண்களும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். போகும் ஊருக்கெல்லாம் அதைக் கோப்பின் முதல் தாளாகக் கொண்டுபோங்கள்.